ஒரே எஃகு, ஒரே கடினம்: ஒரு ஷாஃப்ட் மட்டும் ஏன் முறிந்தது?

#1 தண்டுக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். சில நாட்களாக மண்டையைக் குடையும் விஷயம் இது. 4140 எஃகில் 60 மிமீ ஷாஃப்ட். ஒரு முனையில் 45க்கு இறங்கும் படி. அதில் பேரிங் உட்காரும். வரைபடத்தில் "க்வென்ச் அண்ட் டெம்பர், 28–32 எச்ஆர்சி" என்று மட்டும்தான் இருக்கிறது; அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து, மறுபடி மிதமாகச் சூடாக்கி, ராக்வெல் சி அளவில் 28–32 கடினம். முதல் லாட் நீண்ட நாளாக ஓடுகிறது, புகாரே இல்லை. இரண்டாவது லாட்டில் இரண்டு ஷாஃப்ட் அந்தப் படியிலேயே முறிந்துவிட்டன. இயந்திரம் அடைத்துக்கொண்டு சட்டென்று நின்ற நேரத்தில் நடந்தது. அதே மாதிரி அடைப்பு முதல் லாட்டுக்கும் வந்திருக்கிறது, தாங்கிக்கொண்டது.

இரண்டு லாட்டும் ஒரே வார்ப்பில் வந்த கம்பி, ஒரே வேதியியல் சான்றிதழ். கடினத்தை நானே அளந்தேன்: முதல் லாட் 30, இரண்டாவது லாட் 30, 31. ஹீட் ட்ரீட்மென்ட் மட்டும் வேறு வேறு இடம். இரண்டாவது இடத்துக்காரர்கள் ரிப்போர்ட்டைக் காட்டி, "நீங்கள் கேட்டது கிடைத்ததா இல்லையா?" என்கிறார்கள். பதில் சொல்ல முடியவில்லை. எதைச் சோதிப்பது?

#2 சாணைக்கல்

படியில் ரேடியஸ் எவ்வளவு? டூல் கோடு விழுந்திருக்கிறதா? "மெட்டீரியல் சரியில்லை" என்று ஆரம்பிக்கும் கதைகளில் பாதி கூர்மூலையில்தான் போய் முடியும்.

முறிந்த முகத்தைப் படமெடுத்துப் போடுங்கள். துணியால் துடைக்க வேண்டாம். இரண்டு துண்டையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் ஆசையும் வேண்டாம், முகம் நசுங்கிவிடும்.

#3 தண்டுக்காரன்

ரேடியஸ் 2.5 மிமீ. இரண்டு லாட்டும் ஒரே ப்ரோகிராம், ஒரே லேத். கேஜ் வைத்துப் பார்த்தாயிற்று, சரியாகத்தான் இருக்கிறது.

படம் ஏற்றியிருக்கிறேன். ஃபட்டீக்குக்கு (திரும்பத் திரும்ப வரும் பளுவில் மெல்ல வளரும் விரிசலுக்கு) உரிய வளைய வரிகள் எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. முகம் முழுக்க மணிமணியாக மின்னுகிறது. ஓரத்தில் சாய்வாகக் கிழிந்த உதடு அநேகமாக இல்லை. முறிவதற்கு முன் வளைந்த தடயமும் இல்லை.

#4 நைட்டால்

படம் போதும். இது மெல்ல வளர்ந்த விரிசல் அல்ல, ஒரே அடியில் நொறுங்கிய முறிவு. 30 எச்ஆர்சி 4140 நன்றாகப் பதமாகியிருந்தால் முகம் சாம்பல் நிறத்தில் நார்நாராக மங்கி இருக்கும், ஓரத்தில் உதடு தெரியும்.

கடின அளவு என்பது ஒரு கூம்பை அழுத்தினால் எவ்வளவு பள்ளம் விழுகிறது என்பதற்கான பதில். அந்தப் பள்ளத்துக்குக் கீழே என்ன நுண்ணமைப்பு இருக்கிறது என்பதை அது சொல்லாது. எனவே வெட்டிப் பாருங்கள்.

இரண்டு லாட்டிலிருந்தும் முறிவிலிருந்து தள்ளி ஒரு குறுக்குத் துண்டு. கேஸ் கட்டர் தொடவே கூடாது; நிறையக் கூலன்ட் விட்டு மெல்லிய வட்டில் வெட்டுங்கள். உப்புத்தாளில் படிப்படியாகத் தேய்த்து, கடைசியில் வைரப் பசையில் கண்ணாடி மாதிரி வரும்வரை மெருகேற்ற வேண்டும். பிறகு 2 சதவீத நைட்டால்: எத்தனாலில் நைட்ரிக் அமிலம். அமிலத்தைத்தான் ஆல்கஹாலில் ஊற்ற வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. 5 சதவீதத்துக்கு மேல் கலந்து மூடிய பாட்டிலில் வைக்காதீர்கள், வெடிக்கும் அபாயம் உண்டு. பளபளப்பு மங்கும் வரை சில வினாடிகள் போதும். உடனே ஆல்கஹாலில் கழுவி உலர்த்துங்கள்.

மூன்று இடத்தில் பாருங்கள்: மேற்பரப்பு, ஆரத்தின் நடு, மையம். 500 மடங்கு பெருக்கம் இருந்தால் நல்லது. என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள். என் ஊகத்தை இப்போதே சொல்லவில்லை.

#5 மூன்றாமாண்டு

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும் சார், நான் மாணவன். பிரினெல் எண்ணை (கடினத்துக்கான இன்னொரு அளவு) 3.45ஆல் பெருக்கினால் இழுவலிமை மெகாபாஸ்கலில் கிடைக்கும் என்று படித்தோம். இரண்டு லாட்டிலும் ஒரே கடினம் என்றால் ஒரே வலிமைதானே? ஒன்று முறிந்து இன்னொன்று எப்படி முறியாமல் இருக்கும்?

#6 நைட்டால்

நல்ல கேள்வி தம்பி. நீங்கள் படித்தது இழுவலிமைக்குச் சரி. 30 எச்ஆர்சி என்றால் இரண்டு லாட்டும் 950 மெகாபாஸ்கல் பக்கத்தில்தான் வரும். ஆனால் ஷாஃப்ட் நிரந்தரமாக வளையத் தொடங்குவது ஈல்டில். அடி தாங்குவது டஃப்னெஸால். இந்த இரண்டும் நுண்ணமைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவை.

முதலிலிருந்து வருகிறேன், கொஞ்சம் நீளும்.

சாதாரண வெப்பநிலையில் இரும்பின் அணுக்கள் ஃபெரைட் என்ற அடுக்கில் இருக்கின்றன. அதில் கார்பனுக்கு இடமே கிடையாது. 727 டிகிரியில்கூட 0.02 சதவீதம்தான் கரையும். சூடாக்கினால் அடுக்கு மாறி ஆஸ்டினைட் ஆகிறது. அதில் உச்சமாக 2.1 சதவீதம் வரை கார்பன் கரையும். 4140இல் இருப்பது 0.4 சதவீதம். 850 டிகிரியில் ஊறவைத்தால் அவ்வளவும் கரைந்து ஒரே சீராகிவிடும். மொத்த ஹீட் ட்ரீட்மென்ட்டும் இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது. சூட்டில் உள்ளே வந்த கார்பன், குளிரும்போது எங்கே போகிறது? அல்லது போக விடாமல் தடுத்தோமா?

மெல்ல குளிர்ந்தால் கார்பனுக்கு நடக்க நேரம் இருக்கிறது. முதலில் ஆஸ்டினைட் மணிகளின் (நுண்படிகங்களின்) எல்லையில் கார்பன் இல்லாத மென்மையான ஃபெரைட் பிறக்கும். தள்ளப்பட்ட கார்பன் மீதி ஆஸ்டினைட்டில் சேர்ந்துகொண்டே போய், சாதாரணக் கார்பன் எஃகாக இருந்தால் 0.77 சதவீதத்தை எட்டியதும், அது ஃபெரைட்டும் சிமென்டைட்டும் (இரும்புக் கார்பைடு) மாறி மாறி அடுக்கிய பேர்லைட் ஆகும். குளிர்தல் வேகமாக ஆக, அந்த அடுக்கு மெலிந்து எஃகு வலுக்கும். உலைக்குள்ளேயே மெல்ல ஆறவிடும் அனீலிங்கைவிட, காற்றில் ஆறவிடும் நார்மலைசிங் கொஞ்சம் வலிமை தருவதற்குக் காரணம் இதுவும், மணிகள் சிறுப்பதும்தான்.

மிக வேகமாகக் குளிர்ந்தால் கார்பன் ஒரு அடிகூட நகர முடியாது. ஆனாலும் அடுக்கு மாறியாக வேண்டும். அணுக்கள் கூட்டமாக ஒரே சறுக்கலில் புது அடுக்குக்குப் போகின்றன. சிக்கிய கார்பன் அந்த அடுக்கை ஒரு பக்கமாக இழுத்து நீட்டிவிடுகிறது. இதுதான் மார்ட்டென்சைட். 4140இல் இது ஏறக்குறைய 340 டிகிரியில் தொடங்கும். கன அளவு சுமார் 4 சதவீதம் பெருகும். க்வென்ச்சில் விரிசல் விழுவதும் கோணுவதும் பெரும்பாலும் அதனால்தான்.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மார்ட்டென்சைட்டின் கடினத்தைத் தீர்மானிப்பது அநேகமாகக் கார்பன் மட்டுமே. 0.4 சதவீதத்துக்கு 55 எச்ஆர்சி பக்கம் வரும், க்ரோமியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அப்படியானால் க்ரோமியமும் மாலிப்டினமும் எதற்கு? ஃபெரைட், பேர்லைட் பிறப்பதைத் தாமதப்படுத்துவதற்கு. அந்த அவகாசத்தில் தடித்த துண்டின் உட்பகுதியும் மார்ட்டென்சைட் ஆகிவிட முடிகிறது. எவ்வளவு கடினம் வரும் என்பது ஒரு கேள்வி, எவ்வளவு ஆழம் வரை வரும் என்பது வேறு கேள்வி. 25 மிமீ விட்டம், 100 மிமீ நீளமுள்ள கம்பியைச் சூடாக்கி ஒரு முனையில் மட்டும் தண்ணீர் பீய்ச்சி, நீளவாக்கில் கடினம் அளக்கிறார்களே, ஜாமினி சோதனை, அது இரண்டாவது கேள்விக்கு.

அப்படியே விட்டால் மார்ட்டென்சைட் பயன்படாது, கீழே போட்டாலே உடையும். டெம்பரிங்கில் மறுபடி சூடாக்கும்போது சிக்கிய கார்பன் மெல்ல வெளியேறி நுண்ணிய கார்பைடு துகள்களாக ஃபெரைட்டுக்குள் சீராகத் தூவினாற்போல உட்காருகிறது. எவ்வளவு சூடோ அவ்வளவு துகள் பருக்கும், கடினம் இறங்கும், டஃப்னெஸ் ஏறும். சிறிய குறுக்களவுள்ள 4140க்குக் கைநூல்களில் வரும் கணக்கு: 205 டிகிரியில் டெம்பர் செய்தால் இழுவலிமை 1770 மெகாபாஸ்கல், நீட்சி 8 சதவீதம். 540இல் 950, நீட்சி 18. 650இல் 760, நீட்சி 22. ஒரே கம்பி, ஒரே உலை, திருகியது வெப்பநிலைக் குமிழ் மட்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 30 எச்ஆர்சிக்கு வர இரண்டு பாதை உண்டு. முழு மார்ட்டென்சைட்டை 600 பக்கம் டெம்பர் செய்து இறங்கி வரலாம். அல்லது ஒழுங்காக க்வென்ச் ஆகாத, ஃபெரைட்டும் பெய்னைட்டும் (பேர்லைட்டுக்கும் மார்ட்டென்சைட்டுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் பிறப்பது) பேர்லைட்டும் கலந்த கட்டமைப்பாக ஆரம்பத்திலேயே 35, 38 என்று இருந்து, லேசாக டெம்பர் செய்து 30ஐத் தொடலாம். கடினமானி இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆனால் கலவையில் மென்மையான ஃபெரைட் முதலிலேயே வளைந்து கொடுத்துவிடும், ஈல்டு இறங்கும். மேல் பெய்னைட்டில் (அந்த இடைவெளியின் சூடான பக்கத்தில் பிறப்பது) பருத்த கார்பைடுகள் வரிசையாக நிற்கும். அவற்றில் ஒன்று வெடித்தால் விரிசல் ஓடுவதற்கு நேர்வழி கிடைத்துவிடும்.

#7 பழைய_சுத்தியல்

நைட்டால் ஊகத்தைச் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டு முழுசாகச் சொல்லிவிட்டார் :)

நான் உலைப் பக்கத்து ஆள், அதனால் அது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். எண்ணெயில் இறக்கியதும் துண்டைச் சுற்றி ஆவிப் போர்வை ஒன்று மூடிக்கொள்ளும். பழுக்கக் காய்ந்த தகட்டில் தெளித்த தண்ணீர் துளி ஆவியாகாமல் உருண்டோடுமே, அதே சங்கதிதான். அந்தப் போர்வை கிழியும்வரை வெப்பம் வெளியே வராது. கிழிந்ததும் எண்ணெய் மேற்பரப்பில் கொதிக்க ஆரம்பிக்கும், அப்போதுதான் உண்மையான குளிர்ச்சி. எண்ணெய் ஓட்டம் நன்றாக இருந்தால் போர்வை சீக்கிரம் கிழியும். ஓட்டம் இல்லையென்றால் அங்கேயே ஃபெரைட் பிறந்துவிடும், அப்புறம் என்ன செய்தாலும் பயனில்லை.

கூடையில் 60 மிமீ கம்பியை விறகு அடுக்கின மாதிரி நெருக்கி வைத்திருப்பார்கள். ஓரத்துக் கம்பிக்கு எண்ணெய் ஓட்டம் கிடைக்கும், நடுவில் இருப்பது வெந்நீரில் குளித்த மாதிரி வெளியே வரும். இல்லையென்றால் கதவைத் திறந்து தொட்டிக்குக் கொண்டுபோவதற்குள் பாதி சூடு போயிருக்கும். இல்லையென்றால் எண்ணெய் பழசு.

அப்படி வந்ததை எடுத்து அளந்தால் 50க்கு மேல் இருக்க வேண்டியது 40 என்று காட்டும். ஒழுங்கான ஆள் மறுபடி உலையில் போடுவார். அவசரக்காரர், "சரி, கேட்டது முப்பதுதானே, டெம்பரைக் குறைத்து வைத்தால் வந்துவிடும்" என்று போய்விடுவார். ரிப்போர்ட்டில் 30. எல்லோருக்கும் சந்தோஷம்.

தண்டுக்காரன், அவர்களிடம் இரண்டு எண் கேளுங்கள்: க்வென்ச் முடிந்த கையோடு அளந்த கடினம், டெம்பர் வெப்பநிலை. உலையில் பதிவு சார்ட் இருக்கும். தர மறுத்தால் அதுவே பாதி பதில்.

#8 வடிவமைப்பு_மேசை

இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்று தோன்றுகிறது. 38–42 எச்ஆர்சி என்று ஏற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. வலிமை கூடும், ஷாஃப்ட்டின் வளைவும் குறையும், பேரிங்குக்கும் நல்லது.

#9 நைட்டால்

வளைவு குறையாது. எஃகின் மீள்தன்மைக் குணகம் அனீல் செய்தாலும் க்வென்ச் செய்தாலும் 205 கிகாபாஸ்கல் பக்கம்தான். அது அணுப் பிணைப்பைச் சார்ந்தது; கார்பைடு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஈல்டுக்குக் கீழே ஒரே பளுவுக்கு மெத்தென்ற ஷாஃப்ட்டும் கடின ஷாஃப்ட்டும் ஒரே அளவுதான் வளையும். விறைப்பு வேண்டுமானால் விட்டத்தைக் கூட்டுங்கள்; வளைவு விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறையும்.

#10 வடிவமைப்பு_மேசை

விறைப்பு விஷயம் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஃபட்டீக்? இழுவலிமையில் ஏறக்குறைய பாதி என்பது எல்லோரும் பயன்படுத்தும் கணக்கு. கடினத்தைக் கூட்டினால் அதுவும் கூடுகிறதே.

#11 நைட்டால்

கூடும், சுமார் 1400 மெகாபாஸ்கல் வரை. அதற்கு மேல் எஃகில் உள்ள அழுக்குத் துகள்களும் மேற்பரப்புக் கீறலும் ஆட்சியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கடினம் ஏற ஏற, படி, கீவே (சாவிப்பள்ளம்) மாதிரி இடங்களில் எஃகு அந்த வடிவக் குறையை மன்னிப்பதும் குறைந்துகொண்டே வரும். இவருடைய முறிவு ஃபட்டீக்கே இல்லை, அடி. அடிக்கு விடையாகக் கடினத்தைக் கூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 42 எச்ஆர்சிக்கு டெம்பரை 450 பக்கம் இறக்க வேண்டும்; 250 முதல் 370 வரையிலான பேட்டைக்குள் யாரும் தெரியாத்தனமாகப் போய்விட்டால் டஃப்னெஸ் பள்ளத்தில் விழும். அந்தப் பேட்டையில் கடினம் இறங்கும், டஃப்னெஸும் கூடவே இறங்கும், இரண்டு பக்கமும் நஷ்டம்.

#12 சாணைக்கல்

வடிவமைப்பு_மேசை சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. பேரிங் உட்காரும் இடத்தில் மட்டும் தேய்மானம் பிரச்சினை என்றால் அங்கே இன்டக்ஷன் ஹார்டனிங் செய்யலாம். உள்ளே டெம்பர்டு மார்ட்டென்சைட், வெளியே சில மிமீ கடினத் தோல். தோலில் அழுத்தத் தகைவு மிஞ்சுவதால் ஃபட்டீக்குக்கும் லாபம். ஆனால் தோல் முடியும் எல்லை படியின் ரேடியஸிலேயே வந்து நிற்கக் கூடாது. அங்கே இழுவிசைத் தகைவு மிஞ்சும். நாமே முறிவுக்கு முகவரி எழுதிக் கொடுத்த மாதிரி.

#13 தண்டுக்காரன்

முடிவுகள் வந்துவிட்டன.

சார்ட்: முதல் லாட் 855 டிகிரி, எண்ணெய், டெம்பர் 600. இரண்டாவது லாட் 850, எண்ணெய், டெம்பர் 470. க்வென்ச் கடினம் முதல் லாட்டில் 51–53. இரண்டாவதில் அந்தக் கட்டம் காலி.

மைக்ராஸ்கோப்: முதல் லாட் விளிம்பில் ஒரே மாதிரி நுண்ணிய, ஊசி ஊசியான, பழுப்பேறிய அமைப்பு. மையத்தில் கொஞ்சம் பெய்னைட் கலந்திருக்கலாம் என்று சோதனைக்கூடத்தார் சொன்னார்கள். இரண்டாவது லாட் விளிம்பிலேயே அந்த அமைப்பு அங்கங்கேதான். மீதி இடமெல்லாம் பழைய மணிகளின் எல்லை முழுக்க வெள்ளை வலை. வலைக்கண்ணுக்குள் இறகு இறகாக ஏதோ, நடுநடுவே கறுத்த திட்டு.

இழுவைச் சோதனை, ஆரத்தின் நடுவிலிருந்து எடுத்த மாதிரியில்: முதல் லாட் ஈல்டு 810, இழுவலிமை 965. இரண்டாவது ஈல்டு 640, இழுவலிமை 940. சார்பி (அடித்து முறிக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று பார்க்கும் சோதனை) அறை வெப்பநிலையில் முதல் லாட் 85 ஜூல் சராசரி, இரண்டாவது 19.

#14 பழைய_சுத்தியல்

காலியாக இருக்கும் அந்தக் கட்டம்தான் உங்கள் முறிந்த ஷாஃப்ட்.

#15 நைட்டால்

வெள்ளை வலை ஃபெரைட். இறகு மேல் பெய்னைட். கறுத்த திட்டு நுண்ணிய பேர்லைட். விளிம்பில்கூட முழு மார்ட்டென்சைட் உருவாகவில்லை. கடினமானிக்கு இந்தக் கலவையும் 30தான்.

ஈல்டுக்கும் இழுவலிமைக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள்: முதல் லாட் 0.84, இரண்டாவது 0.68. மூன்றாமாண்டுத் தம்பி, 3.45 கணக்கு எங்கே வேலை செய்தது, எங்கே கைவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. இழுவலிமை 25 மெகாபாஸ்கல்தான் வித்தியாசம். அடி தாங்குவதில் நான்கு மடங்குக்கு மேல்.

#16 பெய்னைட்_பிரியன்

தாமதமாக வந்தாலும் ஒரு எதிர்க்கேள்வி. எல்லாப் பழியையும் க்வென்ச் மேல் போட்டுவிட்டீர்கள். டெம்பர் 470. 375 முதல் 575 வரை இருக்கும் பகுதியில் வைத்தாலோ, அதன் வழியாக மெல்ல ஆறவிட்டாலோ பாஸ்பரஸ், தகரம், ஆன்டிமனி மாதிரி அழுக்குகள் மணி எல்லையில் போய்க் குவியும். டெம்பர் எம்பிரிட்டில்மென்ட். கடினம் மாறாது, இழுவைச் சோதனையில் ஒன்றும் தெரியாது, சார்பி மட்டும் சரியும். அதை எப்படி விலக்கினீர்கள்?

(அப்புறம், பெய்னைட் என்றாலே கெட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கீழ் பெய்னைட் அருமையான அமைப்பு, ஆஸ்டெம்பரிங் செய்வதே அதற்காகத்தான். 1930இல் டேவன்போர்ட்டும் பெய்னும் ஒரே வெப்பநிலையில் நிறுத்திவைத்துப் பார்த்துக் கண்டது அது. இங்கே கெட்ட பெயர் வாங்குவது மேல் பெய்னைட்.)

#17 நைட்டால்

கேட்டது சரி. மூன்று காரணத்தால் அதை முதல் குற்றவாளியாக நான் வைக்கவில்லை. ஒன்று, 4140இல் 0.15–0.25 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, அது இந்த நோயை நன்றாகத் தடுக்கும். இரண்டு, டெம்பர் எம்பிரிட்டில்மென்ட் ஈல்டைத் தொடாது. இங்கே ஈல்டு 170 இறங்கியிருக்கிறது. மூன்று, வெள்ளை வலை கண்ணெதிரே இருக்கிறது.

ஆனாலும் சோதித்துவிடுவது சுலபம். தண்டுக்காரன், இரண்டாவது லாட்டில் இரண்டு துண்டு எடுங்கள். ஒன்றை 620 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துத் தண்ணீரில் வேகமாகக் குளிர்வியுங்கள். எல்லையில் குவிந்த அழுக்கு என்றால் இதில் கலைந்துவிடும், சார்பி துள்ளி ஏறும். கடினமும் கொஞ்சம் இறங்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்றை 850க்கு ஏற்றி, நன்றாக ஆட்டிக்கொண்டே எண்ணெயில் க்வென்ச், பிறகு 600 டெம்பர். இதில் மட்டும் மீண்டால் கோளாறு க்வென்ச்சில். எதிலும் மீளவில்லை என்றால் எஃகையே சந்தேகிப்போம்.

#18 மூன்றாமாண்டு

850க்கு மறுபடி ஏற்றினால் பழைய வலை எல்லாம் போய்விடுமா சார்? எஃகுக்கு முன்பு நடந்தது ஞாபகமே இருக்காதா?

#19 பழைய_சுத்தியல்

ஆஸ்டினைட் ஆகிவிட்டால் ஃபெரைட் வலை, பெய்னைட் எல்லாம் கரைந்துபோகும், புதிதாக மணி பிறக்கும். அந்த அளவுக்கு மறந்துவிடும். மறக்காதவையும் உண்டு: வார்க்கும்போது வந்த கலவைப் பிரிவு, உள்ளே சிக்கிய அழுக்கு, விழுந்துவிட்ட விரிசல், மேலே எரிந்துபோன கார்பன். ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் செதில் கொஞ்சம் போகும், தோலில் கார்பன் கொஞ்சம் குறையும். அதனால் திரும்பத் திரும்ப உலையில் போடுவது வழியில்லை.

அளவுக்கு மேல் சூடாக்கினாலும் வம்பு. 950, 1000 என்று போனால் ஆஸ்டினைட் மணி பருத்துவிடும். பருமணியில் மார்ட்டென்சைட் ஆழமாகப் போகும்தான், ஆனால் அடி தாங்காது.

தம்பி கையாலேயே பார்க்க ஒரு சுலபமான வழி சொல்கிறேன். கட்டடத்துக்குப் போடும் டிஎம்டி கம்பியில் ஒரு துண்டை வெட்டி, மெருகேற்றி, நைட்டால் தடவுங்கள். வெறும் கண்ணுக்கே வெளியே ஒரு கறுத்த வளையம் தெரியும், உள்ளே வெளுத்த வட்டம். ரோலிங் மில்லிலிருந்து சிவக்கச் சிவக்க வரும் கம்பி நேராகத் தண்ணீர்க் குழாய்களுக்குள் பாயும். தோல் மார்ட்டென்சைட் ஆகும், உள்ளே இன்னும் சூடு இருக்கும். வெளியே வந்ததும் அந்த உள்சூடே தோலை டெம்பர் செய்துவிடும். தனி உலையே கிடையாது. நடு ஃபெரைட்டும் பேர்லைட்டுமாக மெத்தென்று இருப்பதால் வளைக்க முடிகிறது, தோல் வலிமை தருகிறது. இதைக் கேஸ் தீயில் சிவக்கக் காய்ச்சி வளைக்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரியும். காய்ச்சிய இடத்தில் அந்தத் தோலின் பதம் போய்விடும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

#20 தண்டுக்காரன்

சோதனை முடிந்தது. 620 வைத்த துண்டு: கடினம் 25க்கு இறங்கியது, சார்பி 27 ஜூல். மறுபடி க்வென்ச் செய்து 600 டெம்பர் செய்த துண்டு: கடினம் 30, சார்பி 81.

பெய்னைட்_பிரியன், மன்னிக்கவும், உங்கள் கட்சி தோற்றது.

#21 பெய்னைட்_பிரியன்

சந்தோஷமாகத் தோற்கிறேன். கேட்காமல் விட்டிருந்தால் எம்பிரிட்டில்மென்ட் இல்லை என்று நிரூபணம் கிடைத்திருக்காது :)

#22 தண்டுக்காரன்

இப்போது என் நிஜமான தலைவலி. அடுத்த லாட்டுக்கு வரைபடத்தில் என்ன எழுதுவது? "28–32" என்று மட்டும் எழுதினால் இதே கதை திரும்ப வரும்.

#23 நைட்டால்

கடினத்தை எடுத்துவிட வேண்டாம், அது சோதிக்க எளிது. கூடவே வழியையும் கட்டுங்கள். க்வென்ச் முடிந்ததும் மேற்பரப்பில் குறைந்தது 50 எச்ஆர்சி, டெம்பர் 560 டிகிரிக்குக் குறையக் கூடாது. இந்த இரண்டு வரி இருந்தாலே குறுக்குவழி அடைபட்டுவிடும். அரைகுறையாக க்வென்ச் ஆனதை 560இல் டெம்பர் செய்தால் 28க்குக் கீழே போய்விட வாய்ப்பு அதிகம், ரிப்போர்ட்டே காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் லாட்டுக்கு ஒரு சோதனைத் துண்டு. இது முக்கியம்: துண்டு அதே 60 மிமீ விட்டம் இருக்க வேண்டும், கூடையின் நடுவில் வைக்க வேண்டும். 20 மிமீ துண்டை ஓரத்தில் கட்டிவிட்டால் அது அழகாகப் பதமாகி வரும், ஷாஃப்ட் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஈல்டும் சார்பியும் எவ்வளவு கேட்பது என்பதற்கு ஐரோப்பிய இஎன் 10083 (இப்போது இஎன் ஐஎஸ்ஓ 683-2) தரநிலையைப் பாருங்கள். 4140க்கு இணையான எஃகுக்கு 16 முதல் 40 மிமீ வரை ஈல்டு குறைந்தது 750, 40 முதல் 100 வரை 650, 100 முதல் 160 வரை 550. ஒரே எஃகுக்கு விட்டத்தைப் பொறுத்துத் தரநிலையே இறங்கி வருகிறது. உங்கள் அளவுக்கு 650, சார்பி 35 ஜூல். உங்கள் இரண்டாவது லாட் இரண்டிலும் தேறாது. இயந்திரம் அடைத்துக்கொள்வது வழக்கம் என்றால் நான் 50 ஜூல் கேட்பேன். முதல் லாட் 85 கொடுத்திருக்கிறது, கேட்டால் கிடைக்கும்.

#24 வடிவமைப்பு_மேசை

இதே ஷாஃப்ட்டின் பெரிய மாடல் 120 மிமீ வருகிறது எங்களிடம். அதற்கும் இதே குறிப்பு போதுமா?

#25 பழைய_சுத்தியல்

போதாது. 120இல் 4140 மையம் வரை பதமாகாது, எவ்வளவு நல்ல எண்ணெய்த் தொட்டியாக இருந்தாலும். அது உலைக்காரன் தப்பில்லை, அளவின் குணம். நிக்கல் சேர்ந்த 4340க்குப் போங்கள். அல்லது உண்மையில் மையத்துக்கு வலிமை தேவையா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வளைவிலும் முறுக்கிலும் தகைவு தோலில்தான் உச்சம், மையத்தில் பூஜ்யம். ஆரத்தின் நடு வரை பதமானால் பல ஷாஃப்ட்டுக்குப் போதும். தண்ணீரில் க்வென்ச் செய்து ஆழம் வாங்கலாம் என்று மட்டும் யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கீவேயில் ஆரம்பித்துப் பிளக்கும்.

#26 தண்டுக்காரன்

இரண்டாவது லாட்டில் மீதி இருக்கும் ஷாஃப்ட்களை மறுபடி பதமாக்க வேறு இடத்தில் பேசிவிட்டேன். அரைத்து முடித்த பேரிங் இருக்கைகள் இருப்பதால் அளவு போய்விடும் என்கிறார்கள். ரஃப் டர்ன் நிலையிலேயே நின்றுவிட்டவை சில இருக்கின்றன, பக்கத்துக்கு 0.8 மிமீ மிச்சம் இருக்கிறது. அவற்றை மட்டும் போடலாமா?

#27 சாணைக்கல்

முடித்தவற்றைக் கழித்துவிடுங்கள், காப்பாற்ற முடியாது. ரஃப் டர்ன் செய்தவற்றைப் போடலாம். 0.8இல் செதிலும் கார்பன் இழந்த தோலும் போய்விடும், கோணலுக்கும் கொஞ்சம் மிஞ்சும். உலையில் படுக்கவைக்காமல் தொங்கவிடச் சொல்லுங்கள். க்வென்ச் முடிந்து கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் டெம்பர் உலைக்குள் போய்விட வேண்டும், மறுநாள் காலை வரை தரையில் கிடக்கக் கூடாது. திரும்பி வந்ததும் ரேடியஸில் விரிசல் இருக்கிறதா என்று மேக்னடிக் பார்ட்டிகிள் (காந்தத் தூள்) வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் லேத்தில் ஏற்றுங்கள்.